சொந்த ஊருக்குப் போகிற வார இறுதியில் ரேஸ் ஓடுவது எப்படி? கோவையை வைத்து ஒரு முழு வழிகாட்டி

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை. அப்பா அம்மாவும் சொந்தபந்தமும் கோவையில். டிசம்பரில் எப்படியும் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது, அதே சமயம் கோவை மாரத்தானும் வருகிறது, ஒரு டென் கே (10 கி.மீ. ஓட்டம்) ஓடிவிட்டு வந்தால் என்ன என்று நினைப்பவர்களுக்கு இது. மதுரை, திருச்சி, ஈரோடு என்று எந்த ஊர் ரேஸுக்கும் இதே படிகள்தான். ரயிலின் பெயரையும் பலகாரத்தின் பெயரையும் மாற்றிக்கொண்டால் போதும்.

இப்படி ஓட வருகிறவர்களுக்குக் காலில் பலம் இல்லாமல் ரேஸ் கெடுவது அபூர்வம். பிப் (நெஞ்சில் குத்திக்கொள்ளும் ஓட்ட எண் அட்டை) வாங்கும் நேரம் தவறிப்போவது, சனிக்கிழமை ராத்திரி விருந்து, பூட்டிக்கிடக்கும் கேட்டின் சாவி ஆகிய மூன்றில்தான் கெடுகிறது. அதனால் பயிற்சித் திட்டம் எதுவும் இங்கே கிடையாது. 10 கி.மீ. ஓடி முடிக்க உங்களால் முடியும் என்ற இடத்திலிருந்து தொடங்குவோம்.

1. பணம் கட்டும் முன் வீட்டுக் காலண்டரைக் கேளுங்கள்

ரேஸ் தேதியைப் பார்த்ததும் முதலில் அம்மாவுக்கு ஒரு போன். அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், சீர், கிரகப்பிரவேசம், காதுகுத்து ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். டிசம்பர் நடுவில் இது முக்கியம். 16-ஆம் தேதி வாக்கில் மார்கழி பிறந்துவிட்டால் கல்யாணங்கள் நின்றுவிடும். அதற்கு முந்தைய கார்த்திகை ஞாயிறு முகூர்த்த நாளாக இருந்தால் ஊரே மண்டபத்தில்தான் இருக்கும்.

முகூர்த்த நேரமும் ரேஸ் நேரமும் காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் நடுவில் மோதிக்கொள்ளும். ஓடிவிட்டுத் தாலி கட்டும் நேரத்துக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சாலையை அடைத்திருப்பார்கள், வண்டி எடுக்க முடியாது. நெருங்கிய சொந்தத்தில் முகூர்த்தம் என்றால் அந்த வருடம் ரேஸை விட்டுவிடுவதே மரியாதை.

2. தூரம்: பெரும்பாலும் 10 கி.மீ.

ஊருக்குப் போவதன் காரணம் குடும்பம். ரேஸ் அதற்குள் நுழைகிற 4 மணி நேர வேலை. 10 கி.மீ. என்றால் விடிகாலையில் கிளம்பி 8 அல்லது 9 மணிக்கு வீட்டுக்கு வந்து மத்தியானச் சாப்பாட்டில் எல்லோரோடும் உட்கார முடியும்.

ஹாஃப், அதாவது 21 கி.மீ. அரை மாரத்தானும் ஓடலாம், ஆனால் கடந்த ஒன்றரை மாதத்துக்குள் 16 முதல் 18 கி.மீ. வரை ஓடிப் பார்த்திருந்தால் மட்டும். ஃபுல் மாரத்தானை உறவினர் வீட்டு வார இறுதியோடு சேர்க்க வேண்டாம். முதல் நாள் முழுக்க ஓய்வு, மறுநாள் முழுக்க வலி என்று இரண்டு நாளும் போய்விடும். வீட்டில் உங்கள் முகத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். மாமா பையனோ அக்கா மகளோ கூட வர ஆசைப்பட்டால் அவர்களுக்கு 5 கி.மீ. பதிவு செய்துவிடுங்கள். வீட்டில் இன்னொருவரும் ஓடினால் 4.30-க்குக் கதவு திறப்பதில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

3. பதிவுப் படிவத்தில் கவனிக்க வேண்டியவை

பிப் எங்கே, எந்த நாள், எத்தனை மணி வரை தருகிறார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே படியுங்கள். பல ரேஸ்களில் ஞாயிறு காலை பிப் கிடையாது. பிப் கொடுப்பதற்காக வெள்ளி, சனியில் நடத்தும் எக்ஸ்போவோடு முடிந்துவிடும். வெளியூர்க்காரர் என்று சொன்னாலும் கவுண்டரில் கேட்கமாட்டார்கள். இன்னொருவர் வாங்க அனுமதி உண்டா, அதற்கு என்ன காகிதம் கேட்பார்கள் என்பதையும் அங்கேயே பாருங்கள்.

பெயரை ஆதாரில் உள்ளபடியே போடுங்கள். அவசரத் தொடர்பு எண்ணுக்குச் சென்னையில் இருக்கும் நண்பர் எண்ணையோ, உங்களோடு ஓடப்போகிற மனைவி எண்ணையோ கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் கோவையில், போனை எடுக்கிற நிலையில் இருக்கும் ஒருவருடைய எண் வேண்டும். சித்தப்பா எண் சரியாக இருக்கும்.

எவ்வளவு நேரத்தில் முடிப்பீர்கள் என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் எந்த வரிசையில் நிற்பது என்று பிரிக்கிறார்கள். 70 நிமிடக்காரர் 50 நிமிட வரிசையில் நின்றால் முதல் கிலோமீட்டரில் இடிபடுவார், இல்லையென்றால் அவர்களோடு இழுத்துக்கொண்டு ஓடி 4-ஆவது கிலோமீட்டரில் நடப்பார்.

4. ரயில் டிக்கெட்

2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் நடுப்பகுதி சபரிமலை சீசன்; கோவை வழியாகக் கேரளம் போகிற ரயில்களில் இடம் சீக்கிரம் தீரும். ரேஸ் பதிவு முடிந்த கையோடு அந்த 60-ஆவது நாளைப் போனில் குறித்து வையுங்கள்.

வெள்ளி இரவு ஏறிச் சனி காலை இறங்குவதே சரி. சேரன், நீலகிரி எக்ஸ்பிரஸ் இரண்டும் இரவில் சென்னையில் கிளம்பி விடிகாலையில் கோவை சேர்கின்றன. இதைப் பார்த்ததும் புதியவர்களுக்கு ஒரு யோசனை வரும்: சனி இரவு ஏறினால் ஞாயிறு விடியும்போது இறங்கி நேராக ஸ்டார்ட் லைனுக்கே போய்விடலாமே! பிப்பை யார் வாங்குவது, வண்டி அரை மணி தாமதமானால் என்ன செய்வது, பையை எங்கே வைப்பது, காலைக்கடனை எங்கே முடிப்பது? இந்த நான்கில் ஒன்று கட்டாயம் கவிழ்க்கும்.

திரும்புவது ஞாயிறு இரவு ரயிலாக இருக்கட்டும். ஞாயிறு மத்தியானமே உட்கார்ந்து போகிற பஸ்ஸில் ஏறினால் ஆடுசதை இறுகி, இறங்கும்போது படியில் கால் வைக்க முடியாது. வேறு வழியில்லை என்றால் ஓர இருக்கை எடுத்து, வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி நடங்கள்.

5. வீட்டில் சொல்ல வேண்டிய நான்கு நேரங்கள்

பத்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள். வந்து இறங்கியபின் சொன்னால், உங்களுக்காக ஏற்கெனவே போட்டு வைத்த திட்டத்தைக் கலைத்ததாக ஆகிவிடும். வீட்டில் யார் சமையலறையைப் பார்த்துக்கொள்கிறாரோ அவரிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும். அப்பாவிடம் சொன்னது அங்கே போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள்.

‘ரேஸ் ஓடப்போறேன்’ என்பது யாருக்கும் எதையும் சொல்லாது. இப்படிச் சொல்லுங்கள்: சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு 7 மணிக்கு, படுப்பது 9 மணிக்கு, ஞாயிறு கிளம்புவது 4.30-க்கு, திரும்புவது 9-க்கு. நேரத்தைச் சொன்னால் வீடு அதற்கேற்ப நகரும். கூடவே ‘ஞாயித்துக்கிழமை மத்தியானம் விருந்தை ஒரு பிடி பிடிக்கிறேன்’ என்ற உறுதியையும் கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் அம்முச்சியின் (அம்மாவைப் பெற்ற பாட்டி) ‘ரெண்டு தோசைதானா கண்ணு?’ என்ற கேள்வியைச் சமாளிக்க முடியாது.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

ரேஸ் அன்று போடுகிற ஷூவைக் காலிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள். பெர்த்தில் படுக்கும்போது கழற்றிப் பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் கோவையில் புதிது கிடைக்கும். ஆனால் புது ஷூவோடு 10 கி.மீ. ஓடினால் கொப்புளம்தான் மிஞ்சும்.

வீட்டுக்கு வந்தபின் ஷூ வாசலில் கிடக்கும். ராத்திரி பனியில் நனையும், ஒரு ஷூவைத் தெரு நாய் தூக்கிக்கொண்டு போகும். செய்தித்தாளில் சுற்றி உள்ளே, பீரோவுக்கு அடியில் வையுங்கள். டிசம்பரில் மழை பெய்து நனைந்துவிட்டாலும் அதே செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் காலைக்குள் பெருமளவு உலர்ந்துவிடும்.

வாட்ச் சார்ஜரை மறக்க வேண்டாம். போன் சார்ஜர் எந்த வீட்டிலும் இருக்கும், உங்கள் கார்மின் வாட்சுக்கான ஒயர் தெருவிலேயே இருக்காது. ஊக்கு ஆறு, வாசலின், பழகிய சாக்ஸ், ஏற்கெனவே போட்டு ஓடிப் பழகிய பனியன், அடையாள அட்டை, பதிவு உறுதியின் அச்சுப்பிரதி. எக்ஸ்போவில் தரும் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். அதன் தையல் உங்கள் அக்குளை எங்கே உரசும் என்பது 6-ஆவது கிலோமீட்டரில்தான் தெரியும்.

7. சனிக்கிழமை காலை: முதலில் பிப்

குளித்துச் சாப்பிட்டதும் கிளம்பிவிடுங்கள். மாலையில் உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் வருவார்கள், வரிசை நீளும். ஒரு மணி நேரம் நிற்பது காலுக்கும் கேடு.

கவுண்டரை விட்டு நகரும் முன் பெயர், தூரம், எண் மூன்றையும் சரிபாருங்கள். 10 கி.மீ.க்குப் பதிவு செய்தவர் கையில் 5 கி.மீ. பிப் வந்தால், அங்கேயே சொன்னால்தான் மாற்ற முடியும். பிப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் பட்டைதான் உங்கள் ஓட்ட நேரத்தைப் பதிவு செய்யும் டைமிங் சிப். அதை மடிக்கக்கூடாது, பிரிக்கக்கூடாது, ஊக்கை அதன்மேல் குத்தக்கூடாது. பின்பக்கம் ரத்த வகை, அவசர எண் எழுதும் இடம் இருந்தால் பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். இங்க் பேனா வியர்வையில் கரையும்.

சனி காலை வர முடியாதவர்கள் வெள்ளியன்றே உள்ளூர் உறவினரை அனுப்பலாம். பதிவு மின்னஞ்சல், உங்கள் அடையாள அட்டை நகல், கையெழுத்திட்ட ஒரு கடிதம் ஆகிய மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி அச்சடித்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். போனில் காட்டினால் போதுமா என்பது கவுண்டரில் இருப்பவரைப் பொறுத்தது.

திரும்பும் வழியில் ஸ்டார்ட் பாயின்ட், வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை மூன்றையும் பார்த்துவிடுங்கள். பிறகு வீடு. சனிக்கிழமை மருதமலைப் படி ஏற வேண்டாம், கிராஸ்கட் ரோட்டிலும் ஒப்பணக்கார வீதியிலும் புடவை எடுக்கப் போகிறவர்களோடு போய் மூன்று மணி நேரம் நிற்கவும் வேண்டாம். இரண்டும் அடுத்த முறை வரும்போதும் அங்கேயேதான் இருக்கும். உடம்பை நிமிர்த்த வேண்டுமென்றால் 15 நிமிட மெது ஓட்டம் போதும். வீட்டுத் தெருவைவிட பக்கத்துப் பள்ளி மைதானம் நல்லது, புது ஆளைக் கண்டால் தெரு நாய்கள் துரத்தும்.

8. சாப்பாடு: விருந்தை மத்தியானத்துக்கு நகர்த்துங்கள்

இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பாதி ரேஸ் காப்பாற்றப்பட்டுவிடும். பிரியாணியோ நாட்டுக்கோழிக் குழம்போ, சனிக்கிழமை மத்தியானம் 1.30-க்குள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். கொழுப்பும் காரமும் செரிக்க நேரம் கிடைக்கும். அதையே ராத்திரி 9.30-க்குச் சாப்பிட்டால் காலை 5 மணிக்கு வயிறு இன்னும் அதே வேலையில் இருக்கும்; ஓடும்போது ரத்தம் காலுக்குத் திரும்புவதால் செரிமானம் மந்தமாகிக் குமட்டலும் வயிற்றுப் பிடிப்பும் வரும்.

ராத்திரிக்குக் கொங்குச் சமையலிலேயே நல்ல தேர்வுகள் உண்டு. எலுமிச்சைச் சந்தகை (இடியாப்பம் போன்றது) மிகப் பொருத்தம்: அரிசி மாவு, நார் குறைவு, எண்ணெய் குறைவு. அரிசி பருப்பு சாதமும் சரிதான், நெய்யையும் வறுத்த மிளகாயையும் குறைக்கச் சொல்லுங்கள். இட்லி எப்போதும் பாதுகாப்பு. கொள்ளு ரசம், தட்டைப்பயறு, முட்டைக்கோஸ், கீரை நான்கும் உடம்புக்கு நல்லவை. ஆனால் அன்று ராத்திரி மட்டும் வேண்டாம், காற்றையும் நாரையும் ஏற்றிவிடும். ரோட்டுக்கடைப் பரோட்டா பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

அளவு வழக்கமானதே. 10 கி.மீ.க்கு மாவுச்சத்தை ஏற்றிக் குவிக்கத் தேவையில்லை, உடம்பில் இருக்கும் சேமிப்பே போதும். ஊர் மாறினால் தண்ணீர் மாறும். அதனால் காய்ச்சி ஆறவைத்த நீரைக் குடியுங்கள். வழியில் கரும்புச்சாறு, வெளி ஜூஸ் தவிர்க்கவும்.

காலைச் சாப்பாட்டைச் சனி இரவே தயாராக்கி மூடி வையுங்கள். 6 மணி ஸ்டார்ட் என்றால் 4 மணிக்குள் சாப்பிட்டிருக்க வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 60 கிராம் மாவுச்சத்து போதும்: சர்க்கரை தொட்டுக்கொண்டு 2 இட்லி, ஒரு வாழைப்பழம். இது கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். சட்னி, சாம்பார் வேண்டாம். காபி தினமும் குடிப்பவராக இருந்தால் குடியுங்கள், வயிறு இளகவும் உதவும். பழக்கமில்லாதவர் அன்று தொடங்க வேண்டாம்.

9. தூக்கம்

வெள்ளி இரவு ரயிலில் அரைத்தூக்கம்தான் கிடைக்கும். அதனால் வியாழக்கிழமை நன்றாகத் தூங்குங்கள். சனி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் படுங்கள். ராத்திரி பதற்றத்தில் நான்கு மணி நேரமே தூங்கினாலும் 10 கி.மீ. ஓட்டம் பெரிதாகக் கெடாது.

ஹாலில் பாய் போட்டுப் படுத்தால் டி.வி. அணைகிற வரை தூக்கம் இல்லை. ஓர் அறையின் மூலையைக் கேட்டு வாங்குங்கள். கொசுவத்திக்குப் பழகாதவர்கள் வலை கேளுங்கள். அலாரம் இரண்டு கருவிகளில் வையுங்கள். மார்கழி பிறந்துவிட்டால் மூன்றாவது அலாரத்தைக் கோயில் ஒலிபெருக்கி பார்த்துக்கொள்ளும், ஆனால் அது உங்களுக்குக் கொஞ்சம் தாமதம்.

10. விடிகாலை 3.30 முதல் 5.45 வரை

சனி இரவு படுக்கும் முன் கேட் சாவி, வீட்டுச் சாவி, வண்டிச் சாவி மூன்றையும் ஷூவுக்குள் போட்டு வையுங்கள். ஷூ போடாமல் கிளம்ப முடியாது, அதனால் சாவியை மறக்கவும் முடியாது. அந்நேரத்துக்கு மாமாவை எழுப்பிச் சாவி கேட்டால் வீடு முழுவதும் எழும், எல்லோரும் காபி குடித்துவிட்டுத்தான் உங்களை அனுப்புவார்கள்.

கழிப்பறை ஒன்றுதான் என்றால் 3.45-க்கே போய்விடுங்கள், வயதானவர்கள் 4 மணிக்கு எழுந்துவிடுவார்கள்.

விடிகாலையில் ஆப் டாக்ஸியை நம்ப வேண்டாம். ஒத்துக்கொண்டபின் ரத்து செய்தால் இன்னொன்று கிடைக்காது. வீட்டு ஸ்கூட்டரைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமையே பெட்ரோல் போட்டு, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முந்தின இரவே தெருமுகம் பார்த்து நிறுத்துங்கள். இல்லையென்றால் விடியலில் அத்தை போட்டு முடித்த கோலத்தின் மேல் வண்டியைத் திருப்ப வேண்டியிருக்கும், அதற்கு மன்னிப்பு கிடையாது.

5 மணிக்குள் ரேஸ் இடத்துக்கு வந்துவிட வேண்டும். சுற்றிய சாலைகளை அதற்குப் பிறகு அடைத்துவிடுவார்கள். வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்தி 10 நிமிடம் நடங்கள், அதுவே உடம்பைச் சூடாக்கும். டிசம்பர் விடியலில் கோவை 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். சென்னையிலிருந்து வருபவருக்குக் குளிரும். பழைய சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொண்டு, கடைசியில் பைகளை வாங்கி வைக்கும் பேகேஜ் கவுண்டரில் கொடுத்துவிடுங்கள்.

11. ஓட்டம்

ஸ்டார்ட்டுக்கு 15 நிமிடம் முன்பு 5 நிமிடம் மெதுவாக ஓடி, 15 விநாடி வேக ஓட்டம் மூன்று. முன்வரிசைக்கு முட்டிமோத வேண்டாம். நீங்கள் ஸ்டார்ட் கோட்டைத் தாண்டும்போதுதான் உங்கள் சிப் நேரம் தொடங்கும்.

சென்னைக்காரர்கள் கோவையில் செய்யும் தவறு ஒன்றுதான். ஈரப்பதம் குறைவு, குளிர்ச்சி, மூச்சு இலகுவாக இருக்கிறது; முதல் 2 கி.மீ. கிலோமீட்டருக்கு 20, 30 விநாடி வேகமாகப் போய்விடுகிறார்கள். பாதை தெரியாது, மேம்பாலம் எங்கே வரும் என்று தெரியாது, 7-ஆவது கிலோமீட்டரில் கணக்கு கேட்கப்படும்.

60 நிமிடம் இலக்கு என்றால் முதல் 2 கி.மீ.யைக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 விநாடி வேகத்தில் ஓடுங்கள். அடுத்த 5 கி.மீ. கிலோமீட்டருக்குச் சரியாக 6 நிமிடம். அப்போது வாட்சில் 42 நிமிடம் 20 விநாடி இருக்கும். கடைசி 3 கி.மீ.க்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 53 விநாடி ஓடினால் வந்துவிடும். தினமும் ஓடுகிற நேரத்தைவிடக் குறைத்து இலக்கு வைக்காதீர்கள். ரயில் தூக்கமும் விருந்தும் சாதனை நேரத்துக்கு ஏற்றவை அல்ல.

வாட்ச் 10 கி.மீ. காட்டியதும் ஃபினிஷ் லைன் காணோமே என்று பதற வேண்டாம். பாதையை வளைவின் மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். நீங்கள் ஆட்களைச் சுற்றிச் சுற்றி ஓடுவதால் 100, 200 மீட்டர் கூடும். கிலோமீட்டர் பலகையைப் பார்த்து வேகத்தை வையுங்கள்.

தண்ணீர் மேசையில் முதலாவதில் கூட்டம் மொய்க்கும், கடைசி மேசைக்குப் போங்கள். கப்பின் வாயைக் கிள்ளிப் பிடித்து இரண்டு மிடறு, தாகம் இருந்தால் மட்டும். தரையில் கிடக்கும் நனைந்த கப்புகள் வழுக்கும். இயர்போனைக் கழற்றிவிடுங்கள், ஒருபக்கம் வாகனம் ஓடும் சாலைகள் வரும்.

அந்த வாரம் காய்ச்சல் வந்திருந்தால் ஓட வேண்டாம். நெஞ்சுவலி, தலைசுற்றல், கண் இருட்டுவது வந்தால் அங்கேயே நின்று தன்னார்வலரிடம் சொல்லுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆபத்து.

12. முடித்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள். 10 நிமிடம் நடங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கி மயக்கம் வரும். ஓ.ஆர்.எஸ். குடிப்பதானால் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்குங்கள். 1 லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் குடிப்பவர்களுக்கு வாந்திதான் வரும்.

பார்க்க வரும் குடும்பத்தாரிடம் முந்தின இரவே ஒரு கட்டடத்தையோ சிலையையோ சொல்லி அங்கே நிற்கச் சொல்லுங்கள். ‘ஃபினிஷ் லைன்ல இருங்க’ என்றால் ஆயிரம் பேரில் கண்டுபிடிக்க முடியாது, உங்கள் போனோ பேகேஜ் கவுண்டரில் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஈர உடையை மாற்றிக் குளித்து, மத்தியானம் பந்தியில் உட்காருங்கள். பாயில் சம்மணமிட்டு உட்கார முடியாவிட்டால் நாற்காலி கேளுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். மெடலைப் பிள்ளைகள் கேட்டால் கழுத்தில் போட்டுவிடுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது திரும்பக் கேட்பதா என்பது உங்கள் இஷ்டம்.

ஊர் திரும்பிய இரண்டு மூன்று நாளுக்குள் ரேஸ் தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். நேரம் வரவில்லை என்றாலோ பெயர் மாறியிருந்தாலோ பிப்பின் படம், வாட்ச் பதிவு, முடித்த நேரம் மூன்றையும் சேர்த்து உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். முடிவுகளை இறுதி செய்தபின் திருத்த மாட்டார்கள். அதுவரை பிப்பைக் கிழித்துப் போட வேண்டாம்.